ஆமினா நகரின் மூலை மனை

உத்தமபாளையம்,
ஜனவரி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு உங்கள் மெஹராஜ் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நம் மகள் ரெஹானாவும் மாமாவும் மாமியும் சுகமாக இருக்கிறோம். உங்களுக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா, ஏசிக்கு நேர் கீழே இருக்கும் கட்டிலை மாற்றிக் கேட்டீர்களா என்பதுதான் இங்கே எங்களுக்கு முதல் கவலை.

தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு எதற்குக் கடிதம் என்று சிரிப்பீர்கள். உங்கள் அறையில் ஒரு கட்டிலில் பேசினால் மற்றக் கட்டில்களெல்லாம் கேட்கின்றன. போன தடவை நான் கண் கலங்கியபோது, யாரென்றே தெரியாத ஒரு அண்ணன் திரைக்குள் தலையை நீட்டி, அழாதேம்மா என்று ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர்தான், ஆனால் அவரை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்வது? கோம்பை அஜய்குமார் லீவு முடிந்து விமானம் ஏறி உங்கள் கம்பெனிக்கே திரும்புகிறார். அதனால் இதையும் மாமி வறுத்த நேந்திரங்காய் சிப்ஸையும் அவர் கையில் கொடுத்து விடுகிறேன். சிப்ஸைப் பங்கு வையுங்கள், கடிதத்தை வைக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதாகப் போன வாரம் சொன்னீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

நீங்கள் ஊரை விட்டுப் போன நாளை நான் மறக்கவில்லை. மாமா பிரித்துப் போட்ட ஆமினா நகர் மனைகள் பேப்பர் விளம்பரத்தில் இனி விற்காது, இன்டர்நெட்டில் போடுவோம் என்று நீங்கள் சொன்னீர்கள். மாமா ஒரே பிடியாக, “பேப்பர்ல வராத எடத்த எவன்டா நம்புவான்? போன்ல காட்டி மண்ண விக்க முடியுமா?” என்றார்கள். வார்த்தை தடித்தது. “மனையெல்லாம் வித்த பெறகு சொல்லி அனுப்புங்க, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினீர்கள். அதற்குப் பிறகு அத்தாவும் மகனும் பேசிக்கொள்வதெல்லாம் என் வாய் வழியாகத்தான். அவர்கள், அவன் சாப்பிட்டானா என்பார்கள். நீங்கள், மாத்திரை போட்டாரா என்பீர்கள். நடுவில் நான் தபால்காரி.

நீங்கள் போனதும் மாமா ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் முழுப் பக்கம் கலரில் விளம்பரம் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அதில் இருந்த படத்தை நீங்கள் பார்க்கவில்லை. கோம்பை ரோட்டில் இருக்கும் நம் ஆமினா நகருக்குப் பின்னால் பனிமலை! முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்துத் திராட்சைப் பந்தலும் நிஜ மலையும் அழகாக இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். டிசைன் போட்டவர் கொடுத்த படம், எடுப்பாக இருக்கிறது என்றார்கள். தேனியிலிருந்து இலவச வேன் விட்டோம், மதியம் பிரியாணி போட்டோம். வந்தவர்கள் பிரியாணியை மனதாரப் பாராட்டினார்கள். பிறகு மாமா அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து, நீங்கள் கோபத்தில் விலகிப் போன நம் குடும்ப குரூப்பில் குறுக்காகப் போட்டார்கள். கழுத்தைச் சாய்த்துப் பார்த்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். மனை வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை.

அப்போதுதான், நான் வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போடட்டுமா என்று மாமியிடம் மெல்லப் பேச்செடுத்தேன். வீட்டுப் பெண் முகம் வெளியே வரக்கூடாது என்று மாமா சொன்னார்கள். எனக்கும் அந்த ஆசை இல்லை. மண்ணை விற்க மண்ணைக் காட்டினால் போதும், என் குரல் மட்டும் வரட்டும் என்றேன். கல்யாணமான புதிதில் என் பேச்சில் குமுளி வாடை அடிக்கிறது, மலையாளத்தி என்று உங்கள் வீட்டில் எல்லோரும் கேலி செய்தீர்கள். நீங்களும்தான். அந்த மலையாளத்தை எடுத்தேன் மச்சான். நான் வளர்ந்த மலையில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு வயதானால் முட்டி வலிக்கும், குளிர் ஒத்துக்கொள்ளாது. ஏறாமல் இறங்காமல் நடக்க ஒரு சமதரை கிடைக்காதா என்று ஏங்குவார்கள். நம் இடத்தில் தட்டையான தரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதையே சொன்னேன்.

யார் யாருக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்று ஊர் பார்த்துக் குறிக்கலாம் என்றதும் மாமா அசந்து போனார்கள். கட்டப்பனை, நெடுங்கண்டம், அடிமாலி என்று மலையாள மலை ஊர்களாகக் குறித்தேன். பேப்பரில் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்கு ஆகிற செலவுகூட ஆகவில்லை. ஆடிக் காற்று அடங்கும் வரை என் குரலைவிடக் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. ஆனாலும் ஆட்கள் பார்த்தார்கள், கீழே விசாரித்து எழுதினார்கள்.

அதற்குப் பதில் போடும் பொறுப்பை மாமா தானே எடுத்துக்கொண்டார்கள். அங்கேதான் சிக்கல். பேப்பரில் விலை போட்டுப் பழக்கமில்லாத மனிதர். விலை என்ன என்று ஒருவர் கேட்டால், ‘நேரில் வரவும்’ என்று எழுதுவார்கள். தண்ணீர் வசதி உண்டா? நேரில் வரவும். துபாயிலிருந்து ஒருவர், பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு தூரம் என்றதற்கும் நேரில் வரவும். கழுகுப் படம் வைத்த ஒரு கணக்கிலிருந்து ‘இடம் அருமை, வாழ்த்துகள்’ என்று வந்தது. அது நீங்கள்தான் என்று மாமாவுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் அதே பதிலைத் தட்டிவிட்டார்கள். நீங்கள் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, ஒரு சிரிக்கும் முகம் மட்டும் போட்டீர்கள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு இருந்தது என்று எனக்குத் தெரியும் மச்சான். அன்றே பதில் எழுதும் வேலையை வாங்கிக்கொண்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் விலையைச் சொன்னேன், மனைப்பிரிவுக்கு அரசாங்கம் கொடுத்த டிடிசிபி அப்ரூவல் தாளைக் காட்டினேன், லொகேஷன் அனுப்பினேன்.

பிறகு அந்த அடைமழைக் காலம் வந்தது. மழை விட்ட ஒரு காலையில் இடம் பச்சையாக இருக்கிறதே என்று வீடியோ எடுக்கப் போனேன். ரெக்கார்டு செய்கிறேன் என்று நினைத்து லைவை அமுக்கிவிட்டேன். தெற்கு மூலைப் பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து மாமா நல்ல சத்தமாக, “ஆத்தா, அந்த மூலையக் காட்டாத. மழ பேஞ்சா அங்கன மொழங்கால் தண்ணி நிக்கும். வாரவுக வெயில்ல வந்து பாத்துட்டுப் போகட்டும்” என்றார்கள். அப்போதுதான் திரையில், ‘அப்பூப்பன் பறஞ்ஞது ஞங்ஙள் கேட்டு’ என்று எழுத்து மேலே போயிற்று. பெரியவர் சொன்னது எங்களுக்குக் கேட்டுவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள்.  உடனே அழித்தேன். அழித்து என்ன செய்ய, அதற்குள் யாரோ எடுத்துச் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். பேப்பரில் தப்பாக அச்சானால் மறுநாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இது அப்படி இல்லையே.

ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது மாமாவை, முழங்கால் தண்ணி மைதீன் பாய் என்று யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். மாமா டீக்கடைக்குப் போவதை விட்டார்கள், சரியாகச் சாப்பிடவில்லை. “இம்புட்டு வருசம் மண்ணு வித்திருக்கேன், ஒருத்தன் என்னைய பொய்யன்னு சொன்னதில்ல” என்று மாமியிடம் புலம்பினார்கள். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே, “நீங்க எங்க பொய் சொன்னீக? உண்மையத்தான சத்தமாச் சொல்லிட்டீக” என்றார்கள். நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். உங்களிடம் இதைச் சொல்லவில்லை. எல்லாம் என்னால் கெட்டது என்று பயந்து கிடந்தேன். மனை போகாவிட்டால் நீங்கள் வரமாட்டீர்களே.

கட்டப்பனையிலிருந்து தங்கச்சன் சார் என்று ஒருவர் போன் செய்தார். ரிட்டயர் ஆன வாத்தியார். தண்ணீர் நிற்கும் என்று சொன்ன பெரியவரைப் பார்க்க வேண்டும் என்றார். வம்புக்கு வருகிறார் என்றே நினைத்தோம். கொட்டும் மழையில் மனைவி சாராம்மாவோடு வந்து இறங்கினார். இடம் விற்க வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரே நிற்காது என்றுதான் சொன்னார்கள், நிற்கும் என்ற ஒரே குரல் உங்களுடையது, அது எங்கே என்று காட்டுங்கள் என்றார். மாமா என்ன செய்தார்கள் தெரியுமா? கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அந்த மூலைத் தண்ணீருக்குள் போய் நின்று, இதுதான் அளவு என்று காட்டினார்கள். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. மாமா எதையும் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வார்கள்! அங்கிருந்தபடியே என்னைப் பார்த்து, “எடு ஆத்தா, இதையும் எடுத்துப் போடு. இனி ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு” என்றார்கள்.

எடுத்துப் போட்டேன். மறு வாரமே அந்த மூலையிலிருந்து ஓடை வரைக்கும் வாய்க்கால் வெட்டிச் சிமெண்ட் பூசினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் கடகடவென்று ஓடுவதை மாமா கேமரா முன்னால் நின்று தானே மலையாளத்தில் விளக்கினார்கள். முன்பு போடி ஏலக்காய் வியாபாரத்தில் படித்த மலையாளம், விலை சொல்வது மட்டும்தான் சுத்தமாக வருகிறது. அதைத்தான் மலையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். தங்கச்சன் சார் மேட்டுப் பக்கம் ஒரு மனை எடுத்தார். அவர் சொல்லி அவர் தெருக்காரர்கள், சர்ச்சுக்காரர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள்.

பத்திரப் பதிவு அன்று சாராம்மா, இந்தக் குரல்தானே எங்களை மலையிலிருந்து இறக்கியது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கம். மாமா அத்தனை பேர் நடுவில், “இவ எம் மருமக. ஆமினா நகர வித்தது இவதான், நான் கூட நின்னேன்” என்றார்கள். நான் என்னைப் பற்றி எழுதக்கூடாதுதான். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? எனக்குப் பெருமையாக இருக்கிறது மச்சான். என்னை நினைத்தும் பெருமை, இந்த வயதில் இறங்கிவந்த மாமாவை நினைத்து அதைவிடப் பெருமை. போனில் மண்ணை விற்கலாம் என்று முதலில் சொன்ன உங்களை நினைத்து எவ்வளவு என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. ரெஹானா விளையாடும்போதுகூட பொம்மைகளுக்கு மலையாளத்தில் மனை காட்டுகிறாள்.

எல்லா மனையும் போய்விட்டது. ஒன்றே ஒன்று இருக்கிறது, அந்தத் தெற்கு மூலை. வாய்க்கால் வெட்டிய பிறகு இரண்டு பக்கமும் ரோடு உள்ள அதுதான் நல்ல மனை, கேட்டு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. தரமுடியாது என்று மாமா சொல்லிவிட்டார்கள். போன வாரம் அங்கே கம்பி வேலி போட்டு, ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். அதில் ‘மீரான் மைதீன் அண்ட் சன்’ என்று எழுதியிருக்கிறது. ஆபீஸ் கட்டப் போகிறார்களாம். குச்சனூர் ரோட்டில் அடுத்த இடமும் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பேப்பர் விளம்பரம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். என்னிடம் சொல்லும்போது உங்கள் பெயரை எடுக்கவில்லை. ஆனால் பலகையில் அந்தக் கடைசிச் சொல்லின் பெயிண்ட் காயும் வரை வெயிலில் பக்கத்திலேயே நின்றார்கள்.

மனையெல்லாம் விற்ற பிறகு சொல்லி அனுப்பச் சொன்னீர்கள். இதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இனி உங்கள் இஷ்டம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாமா இந்தப் பக்கம் இரண்டு மூன்று தடவை வந்து போனார்கள். உங்கள் மகனுக்கு ஏதாவது எழுதவா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று வாசல் வரை போனார்கள். செருப்பை மாட்டியவர்கள் அப்படியே நின்று, “அந்தக் கழுகுப் படம் போட்டது அவன்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் ஆத்தா” என்றார்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “எழுதணும்னா அதையே எழுது. நேரில் வரவும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

அல்லாஹ் உங்களைச் சுகமாக எங்கள் கண் முன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் துஆவை நாடும்,
மெஹராஜ்.