துரை பங்களாவின் அடுப்புக்கரி

என் சந்தேகங்களையெல்லாம் சிரித்தே விரட்டிய மரகதம்,

நீ போனபின் சந்தேகப்பட எனக்குப் புது ஆட்கள் கிடைத்திருக்கிறார்கள். மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கம், நாம் வேலை செய்த பழைய தோட்டத்துத் துரை பங்களாவைப் புதுப்பிக்க வந்திருக்கிறார்கள். பாரம்பரியக் கட்டடமாம். ஒழுகிக்கொண்டிருந்த நம் லயத்து வீடுகளை இடித்தபோது இந்தப் பாரம்பரியம் எங்கே போயிருந்தது?

பங்களாவைக் கட்டிய துரை அயர்லாந்துக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஒரு கிராமத்தில் அவர் தாத்தா கட்டிய வீட்டை அப்படியே இங்கே எழுப்பினாராம். தடித்த கல்சுவர், வாசற்கதவுக்கு மேல் விசிறி மாதிரி கண்ணாடி, கூடத்தில் குளிர்காய ஓர் அடுப்பு. மலாக்கா வெயிலில் குளிர்காய! புகைபோக்கியின் வாயைக்கூடத் திறக்கவில்லை. எல்லாம் அழகுக்குத்தான்.

வேலைக்குப் பொறுப்பாக ஒரு தமிழ்ப்பெண், கவிதா. கிளேபாங் கடற்கரைக் கடையிலிருந்து எனக்குத் தேங்காய் ஷேக் வாங்கி வந்தாள். அப்போதே உஷாரானேன். சும்மா யார் வாங்கித் தருவார்கள்?

"அங்கிள், சிம்னி மேல அடைச்சிருக்கு. அப்புறம் எப்படி லா உள்ள இவ்ளோ கரி? யாரு நெருப்பு மூட்டுனது?"

"எனக்கு எப்படிமா தெரியும்?" என்றேன்.

எனக்கா தெரியாது? கடைசி மானேஜர் போனபின் பூட்டிக் கிடந்த பங்களாவைக் கூட்டிப் பெருக்கியது நீதானே. ஒரு பொங்கலன்று விடியலில் பால்சட்டியோடு நீ பதுங்கிப் போக, மனசு கேட்காமல் பின்னாலேயே வந்தேன். அந்த அடுப்புக்குள் தலையை விட்டு ஊதிக்கொண்டிருந்தாய். திரும்பாமலே சொன்னாய்: "ஒளிஞ்சது போதும், வந்து வெறகை எடுத்துக் குடுங்க. தொரை வீடு கட்டுனாரே, பால் காய்ச்சினாரா? பால் பொங்காத வீட்டுல எப்படிங்க ஆளு தங்கும்?"

அதற்குப்பின் ஒவ்வொரு தையிலும் காய்ச்சினோம். கூடமெல்லாம் புகை சூழ, கண்ணைக் கசக்கிக்கொண்டே பால் குடித்தோம்.

கவிதா விடவில்லை. "யாருன்னு தெரிஞ்சா கரியை அப்படியே விட்டுட்டு, பேரு போட்டு ஒரு பலகை வைப்போம் அங்கிள். தெரியலைன்னா திங்கக்கிழமை கழுவி, ஒரிஜினல் மாதிரி ஆக்கிருவோம்."

இது தூண்டில்தானே? கேட்காமல் துரை வீட்டில் தீ மூட்டினாள் என்று நாளைக்கு உன்மேல் பழி வந்தால்? "செத்தவளை யாருங்க புடிச்சிட்டுப் போவாங்க?" என்று நீ சிரிப்பது கேட்கிறது.

சிரி, சிரி. எனக்குப் பயமாக இருக்கிறது மரகதம். லயம் போய்விட்டது. உன் கை பட்டது என்று இந்தத் தோட்டத்தில் மிச்சமிருப்பது அந்தக் கரி ஒன்றுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுவும் தண்ணீரில் போய்விடும்.

நாளைக் காலை போய் உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அதற்காக அவர்களை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. பலகையில் உன் பெயரை எழுதி மாட்டும்வரை அந்த அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். தை பிறந்ததும் அங்கேயே பாலும் காய்ச்சுவேன்.

அந்த ஒரு பொங்கல் காலையைத் தவிர உன்னைச் சந்தேகித்தே அறியாத,
உன் வீட்டுக்காரன்