கம்பை நான் பிடிக்கிறேன்

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையிலிருந்து மழை. ஷெட் கூரை ஒழுகுகிறது, நல்லவேளையாக நான் கட்டிவரும் குட்டி விமானத்தின் இறக்கைகள் இருக்கும் பக்கம் இல்லை. நான்கு இறக்கைக்கும் துணி போர்த்தியாயிற்று. இனித் துணியை மரச்சட்டத்தோடு சேர்த்துத் தைப்பதுதான் பாக்கி.

இது ஒற்றை ஆள் வேலை இல்லை. இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, முழங்கை நீள ஊசியைக் குத்திக் குத்தி ஒருவருக்கொருவர் அனுப்ப வேண்டும். தனியாகச் செய்தால் ஒவ்வொரு முடிச்சுக்கும் எழுந்து சுற்றிப் போய்வர வேண்டும். எழுபத்தொரு வயது முழங்கால் அதற்கெல்லாம் சம்மதிக்குமா? வெர்லினுக்கு ஃபோன் போட்டேன்.

"ஏழு வருஷமா அந்தக் கட்டையையே இழைச்சுக்கிட்டிருக்கியே தாயே! அது பறக்கிறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துருவோம் போல."

"நீ முதல்ல போய்டாதே. தைக்க ஆள் வேணும்" என்றேன். சனிக்கிழமை வருகிறானாம்.

மே 3

வந்தான். கூடவே ராபர்ட்டா கொடுத்தனுப்பிய உருளைக்கிழங்கு சாலட். அவன் மனைவி கையால் எதைச் செய்தாலும் ருசிதான், கடுகு மட்டும் கொஞ்சம் தூக்கல்.

பத்தொன்பது கோடைகாலம் வெர்லினும் நானும் ஜோடியாகப் பறந்தவர்கள். விஸ்கான்சின், ஐயோவா, டகோட்டா என்று ஒரு விமான சாகசத் திருவிழா விடமாட்டோம். அவன் மேலே தலைகீழாக வருவான். நான் அடியில் நேராகப் போய் அவனோடு ஒட்டிக்கொள்வேன். அண்ணாந்தால் அவன் முகம், பல்லைக் காட்டிக்கொண்டு. அவன் விமானம் ஒரு நூல் இழைகூட அசையாது. அதை நம்பித்தான் நான் அடியில் போனேன். பிறகு என் முதுகு போயிற்று, சாகசத்தை விட்டேன். அவன் விடவில்லை. இந்த ஆகஸ்ட் திருவிழாவில் "வெர்லின் ஜெலினெக் – கடைசிப் பறத்தல்" என்று விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் இது மூன்றாவது கடைசி.

தைக்கும்போது ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுவில் துணி. குரல் மட்டும் வரும், ஊசி வரும். அதனாலோ என்னவோ பேச்சு தாராளமாக வருகிறது. இன்று முழுக்க அந்த நாளில் எங்களோடு பறந்த சிஸ் ப்ரூயிட்டைப் பற்றித்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் பறப்பாள். ஒருமுறை நெப்ராஸ்காவில் அந்தச் செருப்பை நாய் தூக்கிப் போய்விட, ஆளுநரிடம் வெறுங்காலோடு போய்க் கைகுலுக்கினாள். காட்சிக்கு முன்னால் எல்லோரும் ஒத்திகையாகப் புல்லில் நடப்போமே, உள்ளங்கைகளை விமானமாக்கி, கண்ணை அரைக்கண்ணாக மூடி, குட்டிக்கரணம் இங்கே, சுழற்சி அங்கே என்று முனகிக்கொண்டு – பார்க்கிற ஜனங்களுக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி மைதானம் மாதிரி இருக்கும். சிஸ் நடந்தால் மட்டும் நாட்டியம். சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என்ன ஆட்கள் அவர்கள்! நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

மே 10

இரண்டாவது இறக்கை. ஊசி அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது துணியில் முதலில் ஒரு சின்ன முளை தெரியும், அப்புறம் முனை வரும். இன்று முளை ஓரிடத்தில் தோன்றி மறைந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான் துளையைத் தேடுகிறான் என்று நினைத்தேன். பிறகு முனை வெளியே வந்தது.

ஆடியது. கோழிக்குஞ்சு மூக்கு மாதிரி சின்னச் சின்னதாக, நிற்காமல்.

நான் ஊசியைப் பிடித்துக்கொண்டேன். அவன் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். என் காதில் ஏறவில்லை.

மே 11

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மே 17

கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்தால் நான் ஆர்லிஸ் இல்லை.

"வெர்லின், உன் கை எத்தனை நாளா ஆடுது?"

நூல் அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுபட்டது. அப்புறம், "உன் கண்ணாடியை மாத்து" என்றான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஊசி ஆடுதுடா."

"ஊசியைப் பிடிச்சா ஆடும். விமானம் ஓட்டுற குச்சியைப் பிடிச்சா நின்னுடும். நாப்பத்தாறு வருஷமா பிடிச்ச குச்சி, அது என் கையைப் பாத்துக்கும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டி? பறக்காதேம்பான். அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம் போகணும், நீயே சொல்றியே!"

சுற்றி வந்து என் எதிரில் நின்றான். முகம் சிவந்திருந்தது. "யார்கிட்டயாவது வாயைத் திறந்தே, அதோட நமக்குள்ள ஒண்ணும் கிடையாது. புரியுதா?" லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பாதி இறக்கை தைக்காமல் நிற்கிறது. போகட்டுமே! கழுதை! பிடிவாதம் பிடித்த கிழட்டுக் கழுதை!

ரிப்பன் அறுப்பதுதான் அவன் கடைசி ஐட்டம். இரண்டு பேர் உயரக் கம்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் கட்டிய ரிப்பனைத் தலைகீழாக வந்து அறுப்பான். மரத்தின் உச்சியைவிடத் தாழ்வு அது. அங்கே கை ஆடினால் திருத்திக்கொள்ள நேரமே கிடையாது.

ஜூன் 1

டெல்மர் ஹாக் நினைவாகவே இருக்கிறது. எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், மோர் குடித்துவிட்டுத்தான் பறக்க ஏறுவார். மினசோட்டாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குட்டிக்கரணத்தின் அடிப்பகுதியில் தரையைக் கணிக்கத் தவறினார். ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்ததாம். அடக்கத்தன்றுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அவர் மனைவிக்கு முன்பே தெரியும். "சொன்னா என்னை மன்னிக்கவே மாட்டாருன்னு இருந்துட்டேன்" என்று அந்த அம்மா சொன்னபோது யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் அப்படி ஒரு மரியாதை உண்டு. அடுத்தவன் இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகினால் ஓடிப்போய்ச் சொல்வோம். அடுத்தவன் உடம்பைப் பற்றி மூச்சுவிட மாட்டோம்.

நான் காட்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு ஃபோன் போட்டால் முடிந்தது கதை. வெர்லின் உயிரோடு இருப்பான். என் முகத்தில் விழிக்க மாட்டான். அது பரவாயில்லை – ஆனால் வானத்திலிருந்து பிடுங்கப்பட்டவனாக மிச்ச நாளைக் கழிப்பானே. அவனை அப்படிப் பார்க்க என்னால் முடியுமா?

ஜூன் 13, வெள்ளி

சர்ச் கூடத்தில் மீன் வறுவல். ராபர்ட்டா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மீனைத் தொடவில்லை.

"காப்பி கப்பெல்லாம் அலமாரியில ஏத்திட்டேன். அவருக்கு இப்ப பெரிய டம்ளர்லதான், பாதி அளவு" என்றாள்.

"உனக்குத் தெரியும்."

"கிறிஸ்துமஸ்லேருந்து தெரியும். நான் பேச்செடுத்தா எழுந்து போயிடறாரு. நீ சொன்னாலாவது கேப்பாருன்னு நெனச்சேன். நீயும் சண்டை போட்டுட்டு உக்காந்திருக்கே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 12

சொல்லாமல் கொள்ளாமல் லாரி வந்து நின்றது. "பாதியில விட்ட வேலை தூக்கத்தைக் கெடுக்குது" என்றான். நான் இறக்கையின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன். மதியம் வரை தைத்தோம். ஊசி வந்தது, ஆடியது, நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த இறக்கைக்குக் கடைசி முடிச்சு போட்டதும், "யார்கிட்டயும் சொல்லலியே?" என்றான்.

"சொல்லல."

"நல்ல பொம்பளை."

"நல்ல பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரிப்பன் கம்பு யார் பிடிக்கிறா?"

"கமிட்டியில யாராவது ரெண்டு பேர். ஏன்?"

"ஒரு கம்பை நான் பிடிக்கிறேன்."

சிரித்தான். பிறகு நிறுத்திக்கொண்டான். "உனக்கு முதுகு வலி."

"கம்பு பிடிக்க முதுகு வேண்டாம். உன் கை நிக்கும்னு நீ சொல்றே. பத்தொன்பது வருஷம் உன் அடியில பறந்திருக்கேன், ஒரு நாள் உன் அடியில நிக்க மாட்டேனா? உனக்கு நம்பிக்கை இருந்தா எனக்கு என்ன பயம்?"

துணி இன்னும் எங்கள் நடுவில் இருந்தது. அவன் முகம் தெரியவில்லை. "சரி, வா" என்றான் கடைசியில், குரலில் ஜீவனே இல்லாமல்.

ஜூலை 30

வீம்புக்குச் சொல்லிவிட்டேனா? அவன் வீம்பு எனக்குத் தெரியாதா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினால் கீழே நிற்பது நான். ஆனால் சொன்னது சொன்னதுதான். பின்வாங்க மாட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஒத்திகை.

மைதானத்தில் காற்றே இல்லை. கமிட்டி ஆள் ஒரு கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றொன்றோடு நடந்தார். வெர்லின் அதற்குள் மேலே ஏறிவிட்டான். அப்போதுதான் ராபர்ட்டாவின் கார் புல்லில் ஏறி வந்து நின்றது. தோட்டத்துப் பூட்ஸ், மஞ்சள் மழைக்கோட்டு. மழை இல்லை, ஆனாலும் மழைக்கோட்டு. நேராகப் போய் அந்த மனிதர் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் அவரோட பொண்டாட்டி. தள்ளிக்கங்க" என்றாள்.

ரிப்பன் எங்கள் நடுவில் தொங்கியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அவளைப் பார்த்தேன். எனக்குப் பயம், அப்பட்டமான பயம். ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றிற்று. அவள் நிற்கிறாள், நான் எப்படி ஓடுவேன்?

சிவப்பு விமானம் மைதானக் கோடியில் தலைகீழாகத் திரும்பியது. நேராக வந்தது. அழகாக வந்தது, அதையும் சொல்ல வேண்டும் – ஒரு நூல் இழைகூட அசையவில்லை. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணை மூடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எங்களுக்கு மேலே, ரொம்ப மேலே, போய்விட்டது. ரிப்பன் விமானம் கிளப்பிய காற்றில் ஆடியது, அறுபடவில்லை.

மறுபடி வந்தான். மறுபடி உயரத்தில் போனான். மூன்றாவது முறை பாதி வழியிலேயே நேராகப் புரண்டு, சுற்றிப்போய் இறங்கினான்.

விமானத்தின் முன்விசிறி நின்றது. அவன் வெளியே வரவில்லை. நான் போய் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"கை நின்னுடுச்சு ஆர்லிஸ். சத்தியமா நின்னுச்சு. குச்சியைப் பிடிச்சதும் கல்லு மாதிரி."

"பாத்தேன்."

"ஆனா நிக்கும்னு நம்பிக் கீழ வர முடியல. மஞ்சக் கோட்டு தெரிஞ்சுது, நீ தெரிஞ்சே. அடுத்த நொடி ஆடிட்டா?" குரல் உடைந்துவிட்டது. "நான் மட்டும்னா வந்திருப்பேன். தெரியுமா உனக்கு? நான் மட்டும்னா சனிக்கிழமை காட்சியிலயும் வந்தே இருப்பேன்."

"தெரியும்டா" என்றேன். அழுதுவிட்டேன். அவனும்தான். ராபர்ட்டா இன்னும் அங்கேயே கம்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள், யாரும் போதும் என்று சொல்லாததால்.

ஆகஸ்ட் 9, சனி

அவனே கமிட்டியிடம் போய்ச் சொன்னான். என்ன காரணம் என்று கேட்டதற்கு, கையை மேஜைமேல் நீட்டிக் காட்டினானாம். திங்கட்கிழமை டாக்டர்.

அவன் இடத்தில் இண்டியானாவிலிருந்து ஒரு பெண் பறந்தாள். கெட்டிக்காரி, இறக்கத்தில் மட்டும் கொஞ்சம் அவசரம். நாங்கள் மூவரும் வேலிக்குப் பின்னால் ஜனங்களோடு ஜனங்களாக இருந்தோம். இருந்ததே ஒரு மடக்கு நாற்காலி. ராபர்ட்டா அதில் வெர்லினை உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டாள். அவனுக்குப் பொரித்த சீஸ் கை நிறைய, சட்டையெல்லாம் எண்ணெய். அந்தப் பெண் ரிப்பனை அறுத்தபோது "ஆ!" என்று கத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டான். கை ஆடியது. எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் கழுத்தைத் தேய்த்தான். "இது என்ன இப்படி வலிக்குது! நாப்பத்தாறு வருஷத்துல ஒரு காட்சியைக்கூட முழுசா கீழே இருந்து பாத்ததில்ல நான். அதுவும் ஒவ்வொரு தடவையும் ஐயோ விழப்போகுது, ஐயோ விழப்போகுதுன்னு... ஜனங்க எப்படித்தான் தாங்கறாங்களோ?"

"ஜனங்களை விடுங்க" என்றாள் ராபர்ட்டா, வானத்தைப் பார்த்தபடியே. "நான் நாப்பத்தோரு வருஷமா இப்படித்தான் நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

வெர்லின் எழுந்து, நாற்காலியில் சிந்தியிருந்ததைக் கையால் தட்டிவிட்டு, அவளை உட்காரச் சொன்னான்.