தாலி கட்டும் அட்டை

சித்திரை 24, செவ்வாய்

வெயில். பசை கிண்டி இறக்குவதற்குள் மேலே ஆடை கட்டிவிடுகிறது. பருத்திப்பட்டில் ஏரிக்கரை வீடு என்று பெயர்தான் பெத்த பெயர். காலையிலிருந்து ஒரு இலை அசையவில்லை.

அண்ணன் திருமழிசைக்குப் போய்வந்தார். இந்த நோட்டில் அவரை அ. என்றே எழுதுவது வழக்கம். முழுப் பெயர் எழுதினால் மைக்குக் கேடு. வந்ததும் மோர் கேட்டார், விசிறி கேட்டார், பிறகு சொன்னார்.

"திருமழிசைப் பண்ணைக்காரர் பொண்ணுக்கு வைகாசில கல்யாணம். ஊர்ல எவனும் பாத்திருக்கக் கூடாது, அப்டி ஒரு வாழ்த்து அட்டை பண்ணிக்கினு வர்றேன்னு சொல்ட்டேன்."

"யார் பண்றதா சொன்னே?"

"நான்தான். வேற இன்னான்னு சொல்றது?"

வேறு என்னவென்று சொல்வது. சரிதான். தாலி இழந்த தங்கை வீட்டில் உட்கார்ந்து அட்டை வெட்டுகிறாள், அதைத்தான் உங்கள் மணவறையில் பிரிக்கப் போகிறீர்கள் என்றா சொல்ல முடியும்.

மற்றவர்களெல்லாம் கல்யாணத்துக்கு வாழ்த்துப் பாட்டு அச்சடித்து வாசிக்கிறார்கள். வாசித்து முடித்ததும் அதையே மடித்து விசிறிக்கொள்கிறார்கள். அ. கொண்டுபோவது, பிரித்தால் உள்ளே உருவங்கள் எழுந்து நிற்கிற அட்டை. அதனால் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. ஆவடிச் சூளையில் கணக்கெழுதுகிறவருக்கு வேறு எதற்காக நாற்காலி போடுவார்கள்? அந்த நாற்காலிக்காகத்தான் நான் இந்த வீட்டில் இருக்கிறேன்.

மறுபடியும் கேட்டேன், பயிற்சிப் பள்ளி விஷயம். வைகாசிக் கடைசிக்குள் சேர்க்கை. என்னை மாதிரிப் பெண்களை விடுதியில் வைத்துக்கொண்டு உபாத்தியாயினி ஆக்குகிறார்கள். எனக்குப் பாடம் சொன்ன பூந்தமல்லி டீச்சரம்மா எல்லாம் பேசி வைத்திருக்கிறார்கள். வீட்டு ஆண் ஒருவர் நேரில் வந்து வாயால் "விடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

"கல்யாணம் முடியட்டும்" என்றார் அ. முன்பு தீபாவளி முடியட்டும். அதற்கு முன்பு கிறிஸ்துமஸ் முடியட்டும். மூன்று வருஷமாக எல்லாம் முடிந்துகொண்டுதான் இருக்கிறது.

சித்திரை 26, வியாழன்

வேண்டியவை:
கெட்டி அட்டை. அ. வாங்கிவந்தது வெற்றிலை மடிக்கத்தான் லாயக்கு.
ஜிகினாத் தாள், சிவப்பு, பச்சை.
மஞ்சள் பட்டு நூல்.
துத்தம், பசையில் கலக்க. இல்லாவிட்டால் கரப்பான்பூச்சிகள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடும்.
புது பிளேடு.
கொஞ்சம் மௌனம். கடையில் கிடைக்காது.

யோசனை சொல்ல இரண்டு மேதைகள். அ. சொல்வது: "கோபுரம், யானை, மேளம், வாழ மரம், அல்லாமும் எந்திரிக்கணும்." அண்ணி சொல்வது: "நடுவுல லட்சுமி." எல்லாம் எழுந்தால் அட்டையை மூட முடியாது, பெட்டியில்தான் தூக்கிப் போக வேண்டும் என்றேன். இரண்டு பேருக்கும் கோபம். என்னைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிட்டு நன்றாகச் சாப்பிட்டார்கள்.

இதெல்லாம் ஆரம்பித்தது இப்படித்தான்: சூளை முதலாளிக்குப் பூந்தமல்லித் துரை அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையை அ. ஒருநாள் இரவல் வாங்கிவந்தார். பிரித்தால் வீடும் மரமும் நிமிர்ந்தன. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நான் மட்டும் அதைப் பின்பக்கமாகப் பிரித்து, எங்கே மடிப்பு, எங்கே ஒட்டு என்று பார்த்து, திரும்ப ஒட்டி வைத்தேன். அன்று முதல் அ. கலைஞர்.

சித்திரை 29, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். பிரித்தால் மணவறை. மாப்பிள்ளை, பெண். கீழே ஒரு சின்னப் பட்டை, அதை இழுத்தால் மாப்பிள்ளையின் கை உயர்ந்து பெண் கழுத்தில் மஞ்சள் நூல் விழ வேண்டும். அ.வுக்குப் புரியவைக்க ஒரு முற்பகல் போயிற்று. புரிந்ததும் அது அவருடைய யோசனை ஆகிவிட்டது. வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், "ராத்திரி படுத்துக்கினு இருந்தப்ப தோணுச்சி."

கை மூன்று தடவை தவறியது. முதலில் மூக்கில் கட்டினான், பிறகு காதில். மூன்றாவது தடவை கை எழவே இல்லை, அப்படியே நின்றான், நிஜ மாப்பிள்ளை மாதிரி.

எனக்குத் தாலி கட்டியவர் முகம் எனக்கு நினைவில்லை. ஆவணி, புரட்டாசி இரண்டே மாதம், அதிலும் பாதி அவர் ஜுரத்தில். இந்த அட்டை மாப்பிள்ளைக்கு நானே முகம் வரைந்தேன். மூக்கு நன்றாக வந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

வைகாசி 3, வெள்ளி

முடிந்தது.

பட்டையை இழுத்தால் தாலி கட்டுகிறான். சரி. ஆனால் பட்டையைத் திரும்பத் தள்ளினால்? கட்டிய கையே கழற்றும். இது நேற்றுச் சாயங்காலம்தான் உறைத்தது. அதற்காக உள்ளே ஒரு நூல் வைத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். பட்டை முழுக்க வந்ததும் முடிச்சு ஓட்டையில் விழுந்து மாட்டிக்கொள்ளும். பிறகு யார் தள்ளினாலும் போகாது. ஒரு தரம்தான் இழுக்கலாம், பண்ணைக்காரர் கையால், மணவறையில்.

அ.விடம் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அண்ணியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னேன்.

"வழில இழுத்துக் காட்டாதண்ணா. மாட்டினா மாட்டினதுதான்."

"எனக்குத் தெரியாதா? நான் இன்னா கொழந்தயா?"

குழந்தையாக இருந்தால் பயமில்லை, சொன்னால் கேட்கும்.

அண்ணி ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீரோடு வந்தாள். அட்டை மேல் தெளிக்க வேண்டுமாம், என் கை பட்டதற்கு. தெளித்தால் ஊறிப் பல்லிளிக்கும் என்றேன். பேரம் நடந்தது. கடைசியில் பின்பக்க மூலையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். அந்தச் சொட்டோடு தோஷம் போய்விட்டதாம். தோஷத்துக்கு அவ்வளவுதான் கெட்டி.

"நீ ஊட்டப் பாத்துக்க கனகா. எருமைக்குத் தண்ணி காட்டு" என்றாள். நான் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

வைகாசி 5, ஞாயிறு

விடியும்போதே வண்டி கட்டிப் போனார்கள். அ. தலைப்பாகை, அங்கவஸ்திரம். அட்டையைப் பட்டுத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார், பெற்ற பிள்ளை மாதிரி.

வீடு முழுக்க நான் ஒருத்தி. பழையது, மாவடு. எருமைக்குத் தண்ணீர் காட்டினேன், அதுவும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தது. பகலெல்லாம் நிம்மதியாகத் தூக்கம். முகூர்த்த நேரத்தில் மட்டும் விழித்துக்கொண்டிருந்தேன். முடிச்சு சரியாக விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசி 6, திங்கள்

வந்துவிட்டார்கள். அ. என்னைப் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். அண்ணி சொன்னாள். சொல்லும்போது அவளுக்குப் பயம் பாதி, ருசி பாதி.

"பூந்தமல்லிச் சத்தரத்தாண்ட மாட்டுக்குத் தண்ணி காட்ட வண்டிய நிறுத்துனாங்க. அங்க கடைக்காரன் ஒருத்தன் இன்னா அண்ணாத்தே மடியிலன்னான். உங்கண்ணன் காட்டறேன்னு இழுத்துட்டாரு. மாட்டிக்கிச்சி."

"அப்புறம்?"

"நூல பல்லால கடிச்சித் துப்பிட்டாரு. அதுக்கப்பறம் நல்லாத்தான் வந்துச்சி, போச்சி. திருமழிச போற வரிக்கும் அவரே இஸ்துக்கினு வந்தாரு."

பல்லால்.

மணவறையில் பண்ணைக்காரர் இழுத்தார். தாலி விழுந்தது. ஒரே ஆரவாரமாம். அ. எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டாராம். பிறகு அட்டை கைமாறி, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போனது. மாப்பிள்ளையின் அத்தை இன்னொரு தரம் பார்க்கலாம் என்று பட்டையைத் தள்ளினாள். அத்தனை பேர் நடுவில் அட்டை மாப்பிள்ளை, கட்டின தாலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மோளம் நின்னு போச்சி கனகா. அந்தம்மா அட்டய கீழ போட்டுட்டு மாருல அடிச்சிக்கிச்சி. பொண்ணு இன்னா பண்ச்சி தெரியுமா? சிரிச்சிட்ச்சி. மால கழுத்தோட குனிஞ்சிக்கினு ஒரே சிரிப்பு. அவங்கம்மா தொடையில கிள்ளி நிறுத்துச்சி."

அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. இந்த மாதத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஆள்.

பண்ணைக்காரர் கேட்டாராம், இன்னாடா பண்ணி வச்சிகீறே என்று. அ. முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுந்து சொன்னதை அண்ணி அப்படியே சொன்னாள்.

"நான் பண்ணலீங்க. எங்க ஊட்ல தாலியறுத்த தங்கச்சி ஒருத்தி கீறா. அவ கை வேல. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

இத்தனை வருஷத்தில் அந்த அட்டைகளைப் பண்ணியது நான் என்று அ. நாலு பேர் முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை.

அட்டையைச் சமையல்கட்டு அடுப்பில் போட்டார்களாம். கல்யாணம் நடந்துவிட்டது. சாப்பாடும் நடந்தது. அ.வும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார், பின் பந்தியில்.

அழவில்லை என்று எழுதினால் பொய். மாட்டுக் கொட்டகையில் போய் அழுதேன். தாலியறுத்தவள் என்றதற்கில்லை, அதைத் தினம் கேட்கிறேன். நான் முடிச்சுப் போட்டிருந்தேன், அதை ஒருவரும் சொல்லவில்லை. அண்ணியும்தான் பக்கத்தில் இருந்தாள்.

வைகாசி 8, புதன்

புழுக்கம். அ. பேசுவதில்லை. எனக்கு லாபம்.

சூளையில் முதலாளி இவரை முகங்கொடுத்துப் பேசவில்லையாம். அடுத்த மாதம் ஆவடியில் ஒரு சீமந்தம், அட்டை வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அண்ணி என் பிளேடை எடுத்து எங்கோ ஒளித்துவிட்டாள். பசைச் சட்டியில் மாட்டுக்குக் கழுநீர்.

என் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்ச் செம்பை மட்டும் எட்ட வைக்கிறாள்.

வைகாசி 12, ஞாயிறு

எண்ணெய் தேய்த்துக்கொண்டே உள்ளே பேசிக்கொண்டார்கள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை, இந்த வீட்டுச் சுவர் அப்படி.

அண்ணி: "அவ இங்க கீற வரிக்கும் ஊரு வாய மூடாது. அனுப்பிட்டோம்னு சொல்லுங்க. அப்பறமா எவனும் இன்னா சொல்லுவான்?"

அ.: "எங்க அனுப்பறது?"

அண்ணி: "அதான் கேட்டுக்கினே கீறாளே, அந்த இஸ்கூலு."

பிறகு அ. வெளியே வந்து, சீயக்காய் கண்ணில் பட்டு எரிய, மகா தியாகியின் முகத்தோடு சொன்னார்: "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். நீ படி. நானே கூட்டிக்கினு போய் விடறேன்."

மூன்று வருஷம் காலில் விழாத குறையாகக் கேட்டேன். கிடைக்கவில்லை. ஒரு அவதூறு, ஒரே வாரம், கிடைத்துவிட்டது. சந்தோஷமா என்றால், ஆம், சந்தோஷம்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இவர்கள் கையால் வாங்கிய சந்தோஷம் என்பதுதான் நாறுகிறது.

வைகாசி 19, ஞாயிறு

இரண்டு புடவை. சீப்பு. கண்ணாடி வேண்டாம் என்று அண்ணி எடுத்து வைத்துக்கொண்டாள், உனக்கெதுக்கு என்று. பென்சில். எட்டாம் வகுப்புச் சர்டிபிகேட்டு. இந்த நோட்டு, புடவை மடிப்பில்.

டீச்சரம்மா ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்கள்: அங்கே உள்ள அம்மா கண்டிப்பானவர், வீட்டார் மனதொப்பிச் சொல்லாவிட்டால் அந்த நிமிஷமே திருப்பி அனுப்பிவிடுவார். அ. வழியில் எதற்காவது முறைத்துக்கொண்டால் எல்லாம் போச்சு. நாளை அவர் என்ன உளறினாலும் நான் வாயைத் திறப்பதில்லை.

வைகாசி 20, திங்கள்

ஆவடியில் ரயில். அ. ஜன்னலோரம். அம்பத்தூர் தாண்டும்வரை பக்கத்து ஆசாமியிடம் நெல் விலை. பட்டணத்தில் டிராம், பிறகு நடை. பெரிய கேட்டு, வேப்பமரம், உள்ளே பெண்கள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம்.

விடுதி அம்மா மூக்குக்கண்ணாடி, வெள்ளைப் புடவை. எங்களை உட்காரச் சொன்னார். அ.வுக்கு நாற்காலி. அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம்.

"நீங்க என்ன உத்தியோகம்?"

"சூளைல கணக்கு பாக்கறேங்க. அது சும்மா வயித்துக்கு. நமக்குக் கைவேலதான் முக்கியம்."

"என்ன கைவேலை?"

"அட்டைல வாழ்த்து பண்றதுங்க. தொறந்தா கோபுரம், தேரு எல்லாம் அப்டியே எந்திரிச்சி நிக்கும். மாப்ள தாலி கட்டுவான். பூந்தமல்லித் தொரைக்கே பண்ணிக் குட்த்துகீறேன்."

பதினைந்து நாளைக்கு முன் ஊர் கூடிய இடத்தில் என் கை. இன்று மெச்சிக்கொள்ள ஒரு அம்மாள் கிடைத்ததும் அவர் கை.

அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணா இவ்வளவு கெட்டிக்காரரா?"

அ. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இல்லை என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும், உடனே எழுந்து, "வா ஊட்டுக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். விடுகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.

"ஆமாம்மா. எல்லாம் அவரே பண்றதுதான்" என்றேன்.

அ.வுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு அம்மா கேட்டார், மனதொப்பி விடுகிறீர்களா என்று. "விடறேங்க" என்றார், தாராளமாக. எழுந்து கும்பிட்டார். போகும்போது என் தலையைத் தொட்டார், நல்ல அண்ணன் மாதிரி.

அவர் கேட்டைத் தாண்டித் தெருமுனை திரும்பும்வரை அந்த ஆமாம் முகத்தோடேயே நின்றேன்.