ஸ்டெல்லா அக்கா, அந்தச் சாவி என்னிடம்தான் இருந்தது

ஸ்டெல்லா அக்கா, என் அக்கா,

உங்கள் அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். "மலாவியில் ஏழைகளுக்கு ஊழியம் செய்தவர். உடம்பு முடியாமல் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று" என்றேன். முன்வரிசையில் உங்கள் மகள் ப்ரீத்தி அழுதபடி தலையாட்டினாள். உங்கள் சவப்பெட்டிக்கு மூன்றடி தள்ளி நின்று பொய் சொன்னேன்.

உங்களுக்கு அப்போது உடம்புக்கு என்ன? ஒன்றுமில்லை. இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்வீர்கள்.

மைசூரில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த நம் இருவரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஜெபம் செய்து மலாவிக்கு அனுப்பிவைத்தது நம் சபை. அந்த ஏரிக்கரை கிராமத்தில் மிஷன் ஆலயம், அதை ஒட்டி கிளினிக். படித்த நர்ஸுகள் நாம் இருவர்தான். காலை ஜெபம் முடியும்வரை கிளினிக் கதவைத் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி. சாவி என் பொறுப்பு.

அன்று வெளிநாட்டிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருந்தபோது வெளியே சைக்கிள் மணி விடாமல் அடித்தது. கேரியரில் நிறைமாத மனைவியை உட்காரவைத்து ஒருவர் மிதித்துக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் என் முழங்கையைப் பிடித்தீர்கள்.

"ஜெனி, சாவியக் குடு."

"ரெண்டு நிமிஷம்க்கா. பாட்டு முடியட்டும், எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். குடுடி!"

நான் கொடுக்கவில்லை. அடுத்த பாட்டும் தொடங்கிவிட்டது. கடைசியில் என் விரல்களைப் பிரித்துப் பிடுங்கிக்கொண்டு ஓடினீர்கள். தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் இறங்கியிருந்தது. அதற்கு நிமிடங்கள்தான் கணக்கு என்பது நாம் இருவரும் படித்த பாடம். அந்த ஆண்குழந்தை அழவே இல்லை.

விசாரணையில் மிஷனின் பெரிய டாக்டர் என்னைத்தான் கேட்டார், அந்தப் பெண் எப்போது வந்தாள் என்று. "ஜெபம் முடிந்த பிறகு" என்றேன். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். பிரசவ அறைப் பொறுப்பு அன்று உங்களுடையது. ஆகவே தாமதமும் உங்களுடையதாயிற்று. அந்தக் கணவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் என்னை ஒரே ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு, "கதவு மூடியிருந்தது. நான் உடைத்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

உங்களை வேலையிலிருந்து நீக்கி ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டி கட்டும்போதும் நீங்கள் திட்டவில்லை. "உன்னையும் அனுப்பிட்டா இந்த ஜனங்களுக்கு யாரு இருக்கா? இருந்து ஒழுங்கா வேலயப் பாரு. ஆனா இனிமே கதவப் பூட்டாதே" என்றீர்கள். அதற்குப் பிறகும் ஒரு வாரம் பூட்டினேன், அக்கா. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த விசாரணை அறிக்கை உங்களுக்கு முன்னால் மைசூருக்கு வந்து சேர்ந்திருந்தது. பழைய ஆஸ்பத்திரி உங்களை எடுத்துக்கொள்ளவில்லை. அக்ரஹாரம் ஏரியாவில் ஒரு டாக்டரின் சின்ன கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டினீர்கள். நான் பல வருடம் கழித்து வந்தேன், சால்வை போர்த்தினார்கள். ஒவ்வொரு மிஷனரி ஞாயிறும் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். சைக்கிளில் வந்த பெண்ணின் கதையைத்தான் எல்லோரும் விரும்பிக் கேட்பார்கள். என் கதையில் அந்தக் குழந்தை பிழைத்துவிடும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்பீர்களே, எப்படி முடிந்தது உங்களால்? எனக்காகப் பொறுத்துக்கொண்டீர்களா, அல்லது அந்தக் குழந்தை ஒரு கதையிலாவது பிழைக்கட்டும் என்றா?

நீங்கள் போன பிறகு வந்த மிஷனரி ஞாயிறில் கதையை மாற்றினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். போதகர் எழுந்து, "சிஸ்டர், போதும், உட்காருங்க. நாம ஜெபிப்போம்" என்றார். நான் உட்காரவில்லை, முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

வெளியே ப்ரீத்தி ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் கன்னடம்தானே முதலில் வரும்.

"நிஜ ஹேளி ஆன்ட்டி, உண்மையச் சொல்லுங்க. நீங்கதான் பொய் சொல்லி மாட்டிவிட்டீங்கன்னு அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உங்க வீட்டுக்குக் கேக் குடுக்க என்னை அனுப்புனாங்க?"

"ஆமா" என்றேன்.

"அந்தப் பாப்பாவோட அம்மா பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை, அக்கா.

"இத்தனை வருஷம் மைக்ல அவங்களப் பத்திப் பேசியிருக்கீங்க. பேர்கூடக் கேக்கலையா?" ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நீங்கள் அடிக்காமல் விட்ட அடியை உங்கள் மகள் அடித்துவிட்டாள்.

அன்றைக்கே அந்தக் கிளினிக்குக்கு எழுதினேன். இப்போது அங்கே தலைமை நர்ஸ் அந்த ஊர்ப்பெண்ணே. காலை ஐந்தரைக்கெல்லாம் திறந்துவிடுகிறார்களாம். பழைய பிரசவப் பதிவேட்டைத் தேடி எடுத்து, அந்தத் தாயையும் கண்டுபிடித்து, என் கடிதத்தை அவருடைய மொழியில் படித்துக் காட்டியிருக்கிறார். எலினா. அதுதான் பெயர். மீன் காயவைத்து விற்கிறாராம். பேரன் பேத்தி எடுத்துவிட்டாராம்.

எலினா கேட்டது ஒன்றுதான்: "அந்த உயரமான சிஸ்டர் நன்றாக இருக்கிறாரா?" குழந்தையைத் துணியில் சுற்றி, நீங்களே கையில் ஏந்தி, அவர்கள் கிராமம்வரை நடந்தே போய் அடக்கத்தில் நின்றீர்களாமே! எனக்குத் தெரியாது. நான் அப்போது விருந்தினர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸ் சொல்லித்தான் நீங்கள் இறந்ததை எலினா அறிந்தாராம். என்னை அவருக்கு ஞாபகமே இல்லை. மன்னிப்பைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

அந்தப் பெயரை ப்ரீத்திக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "அம்மா போட்டோ அவங்களுக்கு அனுப்பலாமா? நம்பர் குடுங்க" என்று ஒரு வரி வந்தது. நம்பர் கொடுத்தேன். என்னிடம் இன்னும் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், அது அவள் நியாயம்.

மிஷன் தலைமையகத்துப் பதிவில் இன்றும் நீங்கள் கவனக்குறைவால் நீக்கப்பட்டவர். நான் சொன்ன பொய்யையும் என் முழுப்பெயரையும் எழுதி அவர்களுக்கு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறேன். நாளைக் காலை ப்ரீத்தி வீட்டு வாசலுக்குப் போவேன். கதவுக்கு வெளியே நின்றாவது படிக்கக் கொடுத்து, அவள் திருத்தச் சொல்வதைத் திருத்திவிட்டு அனுப்புவேன். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவேன். எத்தனை முறை ஆனாலும் எழுதுவேன். இனி உங்கள் மௌனத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன், அக்கா. இது சத்தியம்.

நீங்கள் காப்பாற்றியும் அதற்குத் தகுதியில்லாமல் வாழ்ந்த உங்கள் தங்கை,
ஜெனி