அல்சர் என்று சொன்னோமே, சரோஜா

என்னை "இன்னாங்க" என்று கூப்பிட்ட ஒரே ஒருத்திக்கு,

ஆஸ்டின் டவுன் வீட்டில் இப்போது நான் மட்டும்தான். அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சிப்போகிறது. நம் செல்வி கல்யாணமாகி பக்கத்தில் ஆடுகோடியில் இருக்கிறாள். கூப்பிட்டால் உடனே வருவாள், நான்தான் கூப்பிடுவதில்லை. அவள் உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பயம்.

உன் மார்பில் இருப்பது கேன்சர் கட்டி என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இன்னாங்க, யாருக்கும் சொல்லாதீங்க. பொண்ண வச்சிருக்கோம். நாளைக்கு எவன் கட்டிக்கினு போவான்?" சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டாய். ஆபரேஷனுக்கு அல்சர் என்றோம். முடி கொட்டினதற்கு டைபாய்டு. பொய் சொல்வதில் அப்படி ஒரு ஜோடிப் பொருத்தம் நமக்கு!

தையல் பிரித்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டுதான் புடவை மாற்றினாய். "பாக்காதீங்க" என்றாய், நானும் பார்க்கவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்தேன். பார்த்திருக்க வேண்டுமோ?

நீ போனபின் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அல்சரைத்தான் திட்டினார்கள். நானும் தலையாட்டினேன். உனக்கு வந்த நோயின் பெயரைச் சொல்லி அழ எனக்கு ஒரு ஆள்கூட இல்லை. பத்து வருஷம், சரோஜா.

போன வாரம் செல்வி வந்து நின்றாள். அவளுக்கும் மார்பில் ஒரு சின்னக் கட்டி. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். வீட்டில் யாருக்காவது கேன்சர் இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லா மேடம், அம்மங்கெ அல்சர்" என்று கன்னடத்தில் சட்டென்று சொன்னாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அப்படியானால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

சிவாஜிநகரில் பஸ் மாற நின்றோம். அந்தக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். "அம்மாவுக்கு அல்சர் இல்லம்மா. மார்ல கேன்சர்."

அவள் ஏற வேண்டிய பஸ் வந்து போனது. ஏறாமல் என் பக்கம் திரும்பினாள்: "அல்சர் எனக்கும் வந்துடும்னு இத்தன வருஷமா பச்சமொளகா தொடாம இருக்கேன்பா. எதுக்குப் பயப்படணும்னுகூடவா சொல்ல மாட்டீங்க, ரெண்டு பேரும்?"

"உனக்காகத்தாம்மா" என்றேன். "தெரியுதுப்பா" என்று சொல்லி, என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். உனக்காக இன்னொருவரோடு சேர்ந்து நான் அழுதது அதுதான் முதல் தடவை.

நாளைக் காலை மறுபடியும் டாக்டரிடம் போகிறோம். உனக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன், கோபித்துக்கொள். இனி நானாகச் செய்யும் சத்தியம் இது: நாளை அவள் வாய் திறக்கும் முன் நான் பேசுவேன், எல்லாவற்றையும் சொல்வேன். உன்னிடம் அடுத்து வருவது நான்தான். அவளை விடமாட்டேன்.

செல்வியின் அப்பா,
உன் வீட்டுக்காரன்.