காலரில் மூன்று விரல் அகலம்

அன்புள்ள குண்டுமணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் நாயும் நலம், வாலில் கொஞ்சம் முடி குறைவு, அவ்வளவுதான். உன் அம்மாவும் நலம், நேற்றிலிருந்து என்னோடு பேசுகிறாள். அதற்கு முந்தின எட்டு நாள் பேசவில்லை. போன வாரம் நீ போன் செய்தபோது தொண்டை சரியில்லை, உன் வீட்டுக்கு வருவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாளே, தொண்டைக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் நான் செய்த வேலை. போனில் சொன்னால் அவள் காதில் விழும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ரிட்டையர் ஆனதிலிருந்து நான் தூண்டில் முள்ளில் பொய்ப்பூச்சி கட்டுவது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக மேலேயும் கீழேயும் போய்வந்தவனுக்கு ஒரே இடத்தில் உட்கார ஒரு வேலை வேண்டாமா. முள்ளில் நூலைச் சுற்றி, முடியை வைத்துக் கட்டி, கத்தரித்து விட்டால் மீன் அதை நிஜப் பூச்சி என்று நம்பி வாயைத் திறக்கும், திறக்க வேண்டும். இதில் எல்லாமே முடியில்தான் இருக்கிறது. மான் முடி உள்ளே காற்றாக இருக்கும், அதனால் தண்ணீரில் மிதக்கும், நூலை இறுக்கினால் நாலு பக்கமும் விரிந்து பூச்சி உடம்பு மாதிரி நிற்கும். கன்றுக்குட்டி வால் முடி சுருள் சுருளாக இருக்கும், அது இறக்கைக்கு. இதையெல்லாம் நான் சொல்லும்போது உன் அம்மா கொட்டாவி விடுவாள், நீயும் இப்போது விடுகிறாய் என்று தெரியும், பொறுத்துக்கொள், விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

ஏரியில் மீன்பிடிப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது முடி டப்பாவைத் திறக்கிறேன், மான் முடி முழுக்க அந்துப்பூச்சி தின்று தூளாகக் கிடக்கிறது. பொய்ப்பூச்சி கட்ட வைத்திருந்ததை நிஜப் பூச்சி தின்றுவிட்டது. கடையில் கேட்டால் அடுத்த மாதம் வா என்கிறான். மூன்று வருஷமாக உன் மாமாதான் கோப்பையை வாங்குகிறார், வாங்கிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, மச்சான் கொஞ்சம் தள்ளி உட்காருங்க, வெளிச்சம் கப்பு மேல விழட்டும் என்பார். இந்த வருஷமும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஷேவிங் பிரஷ்ஷில் கொஞ்சம் வெட்டிக் கட்டினேன், வாளித் தண்ணீரில் போட்டதும் கல் மாதிரி இறங்கியது. என் மீசையில் பாதியை வெட்டிக் கட்டினேன், அதுவும் இறங்கியது. அப்போதுதான் என் புத்தி பீரோப் பக்கம் போனது. நீ முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கி அனுப்பினாயே அந்தக் கோட்டு, காலரில் அசல் விலங்கு ரோமம் என்று எழுதியிருந்தாயே, அதில் முன்பக்கம் இடது ஓரமாக மூன்று விரல் அகலத்துக்கு வெட்டிவிட்டேன். இவ்வளவு இருக்கிறதே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அப்பா முட்டாள்தான், நீ சொல்ல வேண்டாம்.

முள்ளில் வைத்து நூலை இறுக்கினால் அந்த முடி விரியவில்லை, வழுக்கிக்கொண்டு உருவி வருகிறது. சந்தேகப்பட்டு நாலு முடியை மெழுகுவர்த்தியில் காட்டினேன். விலங்கு முடி என்றால் மயிர் பொசுங்கின நாற்றம் வந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, மிளகு மாதிரி கறுப்பு உருண்டையாகி, பிளாஸ்டிக் வாளி எரிந்த நாற்றம் அடித்தது. கடைக்காரன் உன்னை ஏமாற்றினானா, நீ எங்களை ஏமாற்றினாயா என்று நான் கேட்கப் போவதில்லை.

மறுநாள் உன் அம்மா பயணத்துக்குப் பெட்டி அடுக்கக் கோட்டை எடுத்தாள். வெட்டின இடத்தை விரலால் அளந்து பார்த்தாள். பிறகு வந்து நின்று, இந்தக் கோலத்துல நான் என் பொண்ணு முன்னாடி போய் நிக்க மாட்டேன், என் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு நீங்க மட்டும் போய் உங்க பூச்சியைக் காட்டிட்டு வாங்க என்றாள். அதோடு பேச்சு நின்றது. உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது, அவள் இல்லாமல் நான் மட்டும் எப்படி வந்து நிற்பது. அது வெறும் பிளாஸ்டிக்டி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, சொல்லியிருந்தால் பாதிக் கோபமாவது குறைந்திருக்கும். ஆனால் அந்தக் காலரை அவள் யாருக்கெல்லாம் தொட்டுப் பார்க்கக் கொடுத்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். பல் டாக்டர் இவள் பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வெட்டினவன்தான் ஒட்ட வைக்க வேண்டும். டாக்டர் வீட்டு நாய் வாலில் அதே செம்பழுப்பு நிறம். தினம் சாயங்காலம் போய் சீப்பால் வாரிக் கொடுக்கிறேன் என்று சொல்லி, இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்தேன். டாக்டர், இந்தக் காலத்துல யார் சார் அடுத்த வீட்டு நாய்க்கு இவ்வளவு செய்றா என்று கண் கலங்கினார், எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. முடியை ஷாம்பு போட்டு இரண்டு தடவை அலசி, அடியில் இருக்கும் பஞ்சு முடியை வாரி எடுத்து, பேனா மூடிக்குள் போட்டுத் தட்டித் தட்டி நுனியைச் சமமாக்கி, சின்னச் சின்னக் கற்றையாக மெழுகு நூலில் கட்டி, ஒவ்வொன்றாகக் காலரில் தைத்தேன். நூற்றுச் சொச்சம் கற்றை. போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலைதான், ஏரிப் பக்கம் போகவே இல்லை. கோப்பை உன் மாமாவுக்கு, அவர் மண்புழுவை வைத்தே ஜெயித்தாராம்.

நேற்றுக் கோட்டை அவள் முன்னால் வைத்தேன். ஜன்னல் பக்கம் எடுத்துப் போய், நகத்தால் வகிடு எடுத்துப் பார்த்தாள், ஊதிப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். லாண்டரியில இருபத்திரண்டு வருஷம் கோட்டு தேச்சவ நான், இது பிளாஸ்டிக்குன்னு பார்சலைப் பிரிச்ச அன்னைக்கே தெரியும் என்றாள். அப்புறம் ஏன் ஊரெல்லாம் அசல் என்று சொன்னாய் என்று கேட்டேன். பொண்ணு அசல்னு எழுதியிருக்கா, அப்ப அது அசல்தான், அதுல உங்களுக்கென்ன என்றாள். கோபம் வெட்டினதுக்குக் கூட இல்லையாம், பின்பக்கம் அவ்வளவு இருக்கும்போது முன்பக்கமா வெட்டுவாங்க என்பதுதானாம். அந்தக் கறுப்பு உருண்டையை என் டப்பாவில் முதல் நாளே பார்த்துவிட்டாளாம். பிளாஸ்டிக்குன்னு தெரிஞ்சும் எட்டு நாள் அதைச் சொல்லாமயே இருந்தீங்களே என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை கூடப் போட்டிருந்தாள். உனக்கு இது தெரியவே கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் நீ எனக்கு எதுவும் எழுதிக் கேட்காதே.

இரண்டு பேரும் வருகிறோம், தேதியில் மாற்றம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும், நாங்கள் கும்பிடுவதெல்லாம் அதற்குத்தான். விமான நிலையத்துக்கு மறக்காமல் குடை கொண்டு வா, காலர் நனைந்தால் நாய் வாடை வருகிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன். அம்மா வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்தக் காலரைத் தொட்டு, அசல் ரோமம்மா, அப்படியே இருக்கு என்று சொல். இடது பக்கம் தொட்டால் மூன்று விரல் அகலத்துக்கு அது பொய்யும் இல்லை.

பாதி மீசையுடன்,
உன் அப்பா