இரண்டு தட்டு

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே அனல். எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல் காற்று. வண்டிக் கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன்.

கன்டெய்னர் யார்டில் புது வாக்கி-டாக்கி கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியவை: வாக்கி 1, ஒயர் இல்லாத இயர்போன் 1, ஒயர் இல்லாத பேசும் பட்டன் 1 (லீவரில் பட்டையால் கட்டிக்கொள்ள), சார்ஜர் 1. பழைய சுருள் ஒயர் ஒழிந்தது.

பாதுகாப்பு அதிகாரி சொன்னது: இயர்போனை வாக்கியோடு மட்டும் சேர்க்கணும், போனோடு கூடாது. கீழே நிற்பவன் சொன்னதை, பெட்டி தூக்கும் வண்டிக்காரன் வாயால் திருப்பிச் சொல்லணும். தட்டு கூடாது. எல்லாரும் தலையாட்டினோம்.

தட்டு எங்கள் பழக்கம். பேசச் சோம்பல் பட்டால் பட்டனை இரண்டு முறை அழுத்துவோம். எதிர்முனையில் இருப்பவன் காதில் டிக் டிக். 'கேட்டுச்சு, அப்படியே செய்றேன்' என்று அர்த்தம். இப்போது பட்டன் விரலடியிலேயே இருக்கிறது, இன்னும் சுலபம்.

கஜாவுக்கு ஒரே குஷி. "சேவி மாமு, காதாண்ட குந்திகினு பேசுற மாரி கீது." எட்டு வருஷமாக அவன் கீழே சிக்னல்மேன், நான் மேலே வண்டியில். இரண்டு பேருக்கும் தனிச் சேனல்.

ஜூன் 11, புதன்

இயர்போனை என் போனோடும் சேர்த்துவிட்டேன். இரண்டோடும் சேர்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பாட்டு கேட்கத்தானே. பெரிய குற்றமா.

பிரஷர் மாத்திரை வாங்கணும். மனைவி ஸ்டெல்லாவின் செருப்பைத் தைக்கக் கொடுக்கணும்.

ஜூன் 12, வியாழன்

கஜாவின் இடது கை. இரண்டு விரல் நசுங்கிவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

எழுத வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மழை வரும் போல மூடி, வரவில்லை. நடந்ததை நடந்தபடி, இங்கேயாவது.

நேற்றுக் காலை பத்தரை. டிரெய்லருக்கு ஒரு முழம் மேலே பெட்டி. டிரெய்லர் மூலைகளில் பெட்டியைப் பிடிக்கும் பூட்டுகள். ஸ்டெல்லாவின் போன். எடுத்தேன். "காசிமேட்டுல கீறேன். வஞ்சிரம் நல்லா இல்ல. மத்தி வாங்கிக்கினு வரட்டா?"

போன் பேசும்போது இயர்போனில் வாக்கி கேட்காது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாக்கியில் விளக்கு எரிந்தது. கஜா பேசுகிறான். வேறென்ன சொல்லப் போகிறான், 'இறக்கு' என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன். இரண்டு தட்டு தட்டினேன். ஸ்டெல்லாவிடம் "மத்தியே வாங்கு" என்றேன். லீவரைத் தள்ளினேன்.

அவன் சொன்னது என்னவென்று பிறகுதான் தெரிந்தது: "நிறுத்து மாமு, மூலைப் பூட்டு திரும்பிகினு கீது. கைய வெக்கிறேன்." என் தட்டைக் கேட்ட பிறகுதான் கை வைத்திருக்கிறான்.

பாதுகாப்பு அதிகாரி கேட்டார், "பதில் குடுத்தீங்களா?"

"இல்ல சார். ஒண்ணும் கேக்கல. வாக்கி புதுசு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுத வந்தேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன். தட்டியதற்குக் கஜாவின் காது ஒன்றுதான் சாட்சி. 'பதில் வருவதற்கு முன்பே சிக்னல்மேன் கை வைத்தார்' என்று தாள் தயார் ஆனது. கையெழுத்துப் போட்டேன். பேனா என்னுடையது.

ஜூன் 14, சனி

ஸ்டான்லி. ஆப்பிள், பிரெட். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். திட்டுவான் என்று பயந்துகொண்டு போனேன். திட்டியிருந்தால் தேவலை.

"ரெண்டு தட்டு கேட்ட மாரி இருந்துச்சு மாமு. நீ தட்லன்னு சொல்லிகீற. அப்ப தட்டிருக்க மாட்ட. என் காதுதான் பேஜாரு பண்ணிடுச்சு போல."

அவன் மனைவி தேவி வாசல் வரை வந்தாள். "காது டாக்டராண்ட காட்டணும்னு சொல்லிகினு கீறாருண்ணா. வூட்டுலயும் யாரோ தட்டுற மாரி கேக்குதாம். இந்தக் காத வெச்சிகினு இனிமே இன்னா வேலைக்குப் போவாரு?"

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு பேர் முடிந்ததும் வெளியே வந்துவிட்டேன். ஃபாதர் மன்னித்துவிடுவார். அதுதான் பயம். மன்னிப்பு எனக்கு, காது கோளாறு கஜாவுக்கு.

ஸ்டெல்லா: "நாலு நாளா மீன தொடல. இன்னா ஆச்சு உனுக்கு?" வயிறு சரியில்லை என்றேன். விபத்து நேரத்தில் நான் பேசியது அவளோடுதான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

ஜூன் 16, திங்கள்

போர்டில் காகிதம் ஒட்டியிருக்கிறது. விபத்துக்குக் காரணம் சிக்னல்மேனின் அவசரம். கஜாவை வேலையை விட்டு எடுக்கிறார்கள். வைத்தியச் செலவுக்கு யார்டு பொறுப்பு இல்லை.

டீக்கடையில் பேச்சு: "கஜா எப்பவுமே அவசரக்குடுக்கதான்."

என்னைப் பார்த்தார்கள். "ம்" என்றேன். அவன் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பூட்டை மூன்று தரம் ஆட்டிப் பார்ப்பவன்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். கீழே புது ஆள். பெயர் கேட்டேன், மறந்துவிட்டேன்.

இயர்போனைப் போனிலிருந்து பிரித்துவிட்டேன். இப்போது பிரித்து என்ன.

பதினொரு மணி. புது ஆள் பெட்டிக்கடியில் குனிந்தபடி, "நிறுத்துண்ணா, கைய வெக்கிறேன்" என்றான். தெளிவாகக் கேட்டது. நிறுத்தினேன். ஆனால் வாய் திறக்கவில்லை, விரல் தானாக இரண்டு தட்டு தட்டிவிட்டது. அவன் உடனே கையை உள்ளே விட்டான். என் டிக் டிக்கை நம்பி.

அவன் கையை எடுத்து விலகி நிற்கும் வரை லீவரைத் தொடவில்லை. பிறகு இன்ஜினை அணைத்தேன். வாக்கியைப் பொதுச் சேனலுக்குத் திருப்பினேன். யார்டு முழுக்கக் கேட்கும். பட்டனை அழுத்திப் பிடித்தேன்.

"வியாழக்கெழம நான் ரெண்டு தட்டு தட்னேன். போன் பேசிகினே தட்னேன். கஜா காதுல ஒரு கோளாறும் இல்ல."

கன்ட்ரோல் ரூமிலிருந்து: "சரியா கேக்கல. யாரு பேசுறது? திரும்பச் சொல்லுங்க."

பெயரைச் சொன்னேன். வண்டி நம்பரைச் சொன்னேன். முழுதும் திரும்பச் சொன்னேன்.

மாலை. வாக்கி, இயர்போன், பட்டன், எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நாளை பத்து மணிக்கு ஆபீஸ். சார்ஜர் வீட்டில் இருக்கிறது, கொண்டுபோகணும். ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன் அடிக்கிறது. கஜா. யாரோ சொல்லியிருப்பார்கள். இது மூன்றாவது தரம். எடுக்கணும்.